பெட்ரோல்–சிஎன்ஜி சின்ன லோடு வண்டிகள்: எரிபொருள் மாறுவதில் தகராறு வந்தால் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குட்டி யானை, சூப்பர் கேரி, இன்ட்ரா போன்ற சின்ன லோடு வண்டிகளில் பெட்ரோலும் சிஎன்ஜியும் சேர்ந்து வருபவை இப்போது நிறைய ஓடுகின்றன. வெளியில் கிட் (கேஸில் ஓட வைக்கும் கருவித் தொகுப்பு) போட்ட பழைய வண்டிகளும் உண்டு. கேஸ் பங்க் வரிசையிலும் ஒர்க்‌ஷாப் வாசலிலும் ஓட்டுநர்கள் கேட்கும் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றேதான்: மாற வேண்டிய நேரத்தில் மாறவில்லை, மாறக் கூடாத இடத்தில் மாறிவிடுகிறது. ஒரு ஃபியூஸ் போன வண்டிக்கு "கிட்டே போச்சு" என்று சொல்லிப் பெரிய பில் போடுவதும் நடக்கிறது. தினமும் லோடு அடித்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு அது தாங்காத செலவு. அதனால்தான் இந்தத் தொகுப்பு. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

படிப்பதற்கு முன் ஒன்று. சிலிண்டரிலிருந்து ரெடியூசர் (கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் கருவி) வரை வரும் ஸ்டீல் குழாயில், டேங்க் நிறைந்திருக்கும்போது சுமார் 200 பார் அழுத்தம் இருக்கிறது. அந்தக் குழாய், அதன் நட்டு, சிலிண்டர் வால்வின் உடல், எதிலும் ஸ்பேனர் வைக்காதீர்கள். அது பயிற்சி பெற்ற கேஸ் மெக்கானிக்கின் வேலை. கீழே நான் சொல்லும் சோதனைகள் கண்ணால் பார்ப்பதும், காதால் கேட்பதும், தொட்டுப் பார்ப்பதும் மட்டுமே.

1. ஸ்விட்ச் கேஸ்லதான் இருக்கு. ஆனா ஸ்டார்ட் பண்ணா பெட்ரோல்லதான் ஓடுது. இது கோளாறா?

இல்லை, பெரும்பாலான வண்டிகள் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. 200 பாரில் இருக்கும் கேஸை ரெடியூசர் மிகக் குறைந்த அழுத்தத்துக்குக் கொண்டு வருகிறது. வெளியில் போடும் கிட்களில் அது சாதாரணமாக 2 பாரை ஒட்டி இருக்கும். அழுத்தம் அப்படிச் சட்டென்று இறங்கும்போது கேஸ் கடுமையாகக் குளிர்ந்துபோகும். அந்தக் குளிரில் ரெடியூசர் உறையாமல் இருக்கத்தான் என்ஜின் கூலன்ட்டை அதன் வழியாகச் சுற்ற விடுகிறார்கள்.

கூலன்ட் சூடேறாதவரை ஈசியூ (எரிபொருளைக் கட்டுப்படுத்தும் சின்னக் கம்ப்யூட்டர்) கேஸைத் திறக்காது. பெட்ரோலில் தொடங்கி, ரெடியூசர் ஏறத்தாழ 40 டிகிரியைத் தொட்டதும் தானாக மாறும். சில புதிய மாடல்கள் நேராக கேஸிலேயே ஸ்டார்ட் ஆகும். உங்கள் வண்டி எந்த வகை என்று அதன் கையேட்டில் இருக்கும்.

2. அப்போ எவ்வளவு நேரத்துல மாறணும்? எனக்குப் பத்து நிமிஷம் ஓடினாத்தான் மாறுது.

சமவெளியில் ஓரிரு நிமிடம், மிஞ்சிப்போனால் மூன்று நிமிடம். ஊட்டி, கொடைக்கானல் காலைக் குளிரில் கூடுதலாகும். சென்னையிலோ மதுரையிலோ பத்து நிமிடம் என்றால், கேஸ் பக்கம் போகாமல் முதலில் கூலன்ட் பக்கம் பாருங்கள்.

நம் ஊரில் இதற்கு அடிக்கடி கிடைக்கும் காரணம், யாரோ தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்திருப்பது. "வண்டி சூடாகுதுன்னு சொன்னீங்க, எடுத்துட்டேன்" என்பார்கள். பெட்ரோல் மட்டும் ஓடும் வண்டியிலேயே அது தவறு. கேஸ் வண்டியில், என்ஜின் சூடேறுவது தாமதமாகி, அந்த நேரமெல்லாம் நீங்கள் விலை கூடிய பெட்ரோலை எரிக்கிறீர்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது ஏர் லாக், அதாவது கூலன்ட் பாதையில் காற்று அடைத்துக்கொள்வது. ரேடியேட்டர் வேலை பார்த்துக் கூலன்ட் மாற்றிய பிறகு தொடங்கிய தொல்லை என்றால், அநேகமாக இதுதான். ரெடியூசருக்குப் போகும் இரண்டு கூலன்ட் ஹோஸ்களையும் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்துக்குள், கை சுடாத பதத்தில், தொட்டுப் பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் உள்ளே சுழற்சி இல்லை. ரெடியூசரின் மேல் வெண்மையாகப் பனி படிந்திருந்தாலும் அதே அர்த்தம்.

3. எப்பவும் கேஸ்லதான் ஓட்டுறேன். பெட்ரோல் டேங்க்கைக் காலியா விட்டா என்ன?

விடாதீர்கள். முதல் கேள்வியில் பார்த்தபடி பெரும்பாலான வண்டிகளில் ஒவ்வொரு ஸ்டார்ட்டும் பெட்ரோலில்தான். பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள் இருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் அதன் தேய்மானத்தைத் தடுப்பதும் பெட்ரோலேதான். வெளியில் கிட் போட்ட பல வண்டிகளில், கேஸில் ஓடும்போதும் பம்ப் சுற்றிக்கொண்டே இருக்கும். வறண்ட டேங்க்கில் சுற்றினால் பம்ப் எரிந்துபோகும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சூப்பர் கேரி சிஎன்ஜி போன்ற வண்டிகளில் பெட்ரோல் டேங்க் 5 லிட்டர்தான். கேஸ் தீர்ந்தால் அடுத்த பங்க் வரை போய்ச் சேர்வதற்கான இருப்பு அது. அதே 5 லிட்டரை மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. இப்போது கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரியவும் கூடும். பெட்ரோல் இன்ஜெக்டரும் (எரிபொருளை என்ஜினுக்குள் பீய்ச்சும் பாகம்) ஓடாமல் கிடந்தால் பிசின் கட்டும். வாரம் ஒரு முறையாவது சில கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள், தீர்ந்த அளவுக்குப் புதிதாக ஊற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் 8-ம், 10-ம் கேள்விகளில் வரும் தொல்லைகளில் பாதியைத் தடுக்கும்.

4. கேஸ் ஃபுல்லா இருக்கு, வண்டியும் சூடாயிடுச்சு. ஆனா கேஸுக்கு மாறவே மாட்டேங்குது. எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?

ஸ்விட்ச்சிலிருந்து ஆரம்பியுங்கள். சாவியைத் திருப்பியதும் அதில் எந்த விளக்குமே எரியவில்லை என்றால், கிட்டுக்குக் கரன்ட் போகவில்லை. கிட் ஒயரிங்கில், பெரும்பாலும் பேட்டரிக்குப் பக்கத்தில், தனி ஃபியூஸ் இருக்கும். எரிந்திருந்தால் அதே ஆம்பியரில் புதியதைப் போடுங்கள். அதுவும் உடனே எரிந்தால் எங்கோ ஒயர் உராய்ந்து பாடியைத் தொடுகிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. கம்பியை முறுக்கிச் சொருகி ஓட்டுவது கேஸ் வண்டியில் உயிரோடு விளையாடுவது. தயவுசெய்து வேண்டாம்.

விளக்கு எரிகிறது, ஆனால் விட்டு விட்டு மினுக்குகிறது என்றால், பல கிட்களில் அது "சூட்டுக்காகக் காத்திருக்கிறேன்" என்ற அடையாளம். கூலன்ட் சரியாக இருந்தும் மினுக்கல் நிற்கவில்லையென்றால் ரெடியூசரில் உள்ள வெப்ப சென்சாரையோ அதன் கனெக்டரையோ சந்தேகப்படலாம். என்ஜினை பிரஷர் வாஷ் செய்த மறுநாள் தொடங்கியிருந்தால் கனெக்டரில் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழற்றி உலர்த்தினாலே போதும்.

அடுத்து சிலிண்டர் வால்வு. டெஸ்ட்டுக்கோ வேறு வேலைக்கோ விட்ட பிறகு மூடியபடியே திருப்பித் தந்திருப்பார்கள், அல்லது பாதிதான் திறந்திருப்பார்கள். கைப்பிடியைத் திறப்பதாக இருந்தால் மெதுவாகத் திறக்க வேண்டும். குழாய் உடைந்தால் கேஸை நிறுத்தும் தடுப்பு சில வால்வுகளுக்குள் இருக்கிறது. சடாரென்று திறந்தால், குழாய்தான் உடைந்துவிட்டது என்று அது அடைத்துக்கொள்ளும். அப்படி ஆனால் மூடிவிட்டுச் சற்றுப் பொறுத்து, நிதானமாகத் திறக்க வேண்டும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் காதைத் தீட்டுங்கள். மாறும் தருணத்தில் ரெடியூசர் பக்கம் சொலினாய்டு (கரன்ட்டில் திறந்து மூடும் வால்வு) "டக்" என்று ஒரு சத்தம் தரும். சத்தம் வந்தும் மாறவில்லை என்றால் கேஸ் ஓட்டத்தில் அடைப்பு. சத்தமே இல்லையென்றால் சொலினாய்டு காயிலுக்கு 12 வோல்ட் வருகிறதா என்று எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். வெளியில் போட்ட கிட்களில் ஆர்பிஎம் (என்ஜின் சுற்று வேகம்) சிக்னல் ஒயர் கழன்றாலும் இப்படித்தான் ஆகும். என்ஜின் நின்றுவிட்டதாக நினைத்து ஈசியூ கேஸை அடைத்து வைத்திருக்கும்; விபத்தில் என்ஜின் நின்றால் கேஸும் நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது.

5. பங்க்ல ஃபுல்னு சொல்லி அனுப்புறாங்க. ஸ்விட்ச்ல ரெண்டு பச்சைதான் எரியுது. யாரை நம்புறது?

பிரஷர் மீட்டரை நம்புங்கள். கிட் போட்ட வண்டிகளில் முள் வைத்த மீட்டர் ஒன்று இருக்கும். முள் 200-ஐ ஒட்டியும், ஸ்விட்ச்சில் கேஸ் அளவைக் காட்டும் பச்சை விளக்கு குறைவாகவும் இருந்தால் சென்சாரோ அதன் செட்டிங்கோ தவறு. கேஸ் இருக்கிறது, தொடர்ந்து ஓட்டலாம். முள்ளே குறைவாக இருந்தால் கேஸே குறைவு.

அதற்குப் பங்க்காரர் ஏமாற்றியதாக உடனே முடிவு கட்ட வேண்டாம். வேகமாக நிரப்பும்போது சிலிண்டருக்குள் கேஸ் சூடாகிறது. சூடான கேஸ் அழுத்தத்தைச் சீக்கிரம் எட்டிவிடும், மெஷின் நின்றுவிடும். ஆறியதும் அழுத்தம் இறங்கும். சித்திரை வெயிலில், மதியத்தில், இது நன்றாகத் தெரியும். விடியற்காலையில் நிரப்பினால் அதே சிலிண்டரில் சற்றுக் கூடுதலாகப் பிடிக்கும். காசு கிலோ கணக்கில்தான் என்பதால் மெஷின் காட்டும் எடையைக் குறித்து வையுங்கள். எத்தனை கிலோவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதுதான் நிஜமான கணக்கு.

6. கேஸ் போட்டுட்டு வெளிய வந்தா வண்டி ஸ்டார்ட்டே ஆகல. பங்க்லயே தள்ளி நிறுத்த வேண்டியதாப் போச்சு.

கேஸ் நிரப்பும் இடத்தின் மூடியைச் சரியாக மூடினீர்களா? கம்பெனியிலேயே கிட் போட்டு வரும் வண்டிகளில் அங்கே ஒரு சின்ன மைக்ரோ ஸ்விட்ச் உண்டு. மூடி திறந்திருந்தால், நிரப்பும்போது யாரும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது என்று அது தடுக்கும். தூசி படிந்தாலும் மூடி வளைந்தாலும் அந்த ஸ்விட்ச் அழுந்தாது. துடைத்து, அழுத்தி மூடிப் பாருங்கள்.

7. சமமான ரோட்டுல நல்லா ஓடுது. லோடோட மேடு ஏறினா தானா பெட்ரோலுக்குப் போயிடுது.

மேட்டில் என்ஜின் அதிக கேஸ் கேட்கிறது. கேட்ட அளவு வராமல் அழுத்தம் விழுந்தால், என்ஜின் நிற்காமல் இருக்க ஈசியூ பெட்ரோலுக்கு மாற்றுகிறது. ஆக, ஸ்விட்ச் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. கேஸ் ஏன் வந்து சேரவில்லை என்று பார்க்க வேண்டும்.

சிலிண்டர் அடிமட்டத்தில் இருக்கும்போது மட்டும் இப்படி ஆனால் அது இயல்பு. நிறைய கேஸோடும் ஆகிறது என்றால், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, மேட்டில் அழுத்தும்போது பச்சை விளக்குகளைக் கவனிக்கச் சொல்லுங்கள். விளக்குகள் சட்டென்று குறைந்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பழையபடி ஏறினால், கேஸ் அளவைப் பார்க்கும் சென்சாருக்கு முன்னால் அடைப்பு: பாதி திறந்த சிலிண்டர் வால்வு, அல்லது குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறது. விளக்குகள் அசையாமல் நிற்கும்போதே மாறினால் அடைப்பு பின்னால்: ரெடியூசர் உள்ளே இருக்கும் ஃபில்டர், டயஃப்ரம் (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் சவ்வு), அல்லது ரெடியூசருக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவில் இருக்கும் கேஸ் ஃபில்டர்.

அந்தக் கேஸ் ஃபில்டரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். பங்க் கம்ப்ரஸரிலிருந்து நுண்ணிய ஆயில் கேஸோடு வருகிறது. அதைப் பிடிப்பது இதுதான். ஏர் ஃபில்டரை மாற்றுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றுங்கள். ரெடியூசரையே மாற்றச் சொல்லும் முன், இதை மாற்றிப் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

இழுவை மட்டும் கொஞ்சம் குறைகிறது, பெட்ரோலுக்கு மாறவில்லை என்றால் கவலை வேண்டாம். கேஸ் உள்ளே வரும்போது காற்றின் இடத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்வதால், பத்தில் ஒரு பங்கு சக்தி குறைவது இந்த எரிபொருளின் இயல்பு. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளை முழு லோடோடு ஏறுபவருக்கு அது நன்றாகவே தெரியும்.

8. மாறுற நேரத்துல ஒரு குலுக்கு குலுக்குது. சில சமயம் ஆஃப் ஆயிடுது.

எந்தத் திசையில் மாறும்போது? மெக்கானிக்கிடம் இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாறும்போது குலுங்கினால் கேஸ் இன்ஜெக்டர் ஆயில் பட்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம். காலையில் அதிகமாகவும் சூடானதும் குறைவாகவும் இருந்தால் இது உறுதிப்படும். அல்லது பெட்ரோல் இன்ஜெக்டரை நிறுத்தும் பகுதி சரியாக நிறுத்தாமல், சில நொடி இரண்டு எரிபொருளும் சேர்ந்து போகின்றன. அப்போது புகையிலேயே பெட்ரோல் நெடி வரும்.

கேஸிலிருந்து பெட்ரோலுக்கு மாறும்போது ஆஃப் ஆனால் காரணம் பெட்ரோல் பக்கம். டேங்க் காலி, பம்ப் பலவீனம், அடைத்த ஃபில்டர். 3-ம் கேள்வியைத் திரும்பப் படியுங்கள்.

9. கேஸ்ல மட்டும் மிஸ்ஸிங் அடிக்குது. பெட்ரோல்ல அருமையா ஓடுது. அப்போ கிட்தானே ரிப்பேர்?

மிஸ்ஸிங், அதாவது என்ஜின் இடையிடையே எரியாமல் விடுவது, கேஸில் மட்டும் என்றால் அப்படித்தான் தோன்றும். ஆனால் முதலில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கேஸும் காற்றும் கலந்த கலவையில் பொறி தாவுவதற்குப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். தேய்ந்த பிளக், விரிசல் விட்ட இக்னிஷன் காயில், பழைய பிளக் ஒயர் எல்லாம் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் காட்டிக்கொடுக்கும். மழைக்காலத்தில் மிஸ்ஸிங் கூடினால் சந்தேகமே வேண்டாம், பற்றவைக்கும் பக்கம்தான். பிளக் இடைவெளியைக் கையேட்டில் உள்ளபடி வைக்க வேண்டும்; கேஸ் வண்டிக்கு எழுதியிருக்கும் பிளக்கைத்தான் போட வேண்டும்.

பிளக்கும் காயிலும் சரியென்றால்தான் கேஸ் இன்ஜெக்டர். என்ஜினில் ஒரே சிலிண்டர் மட்டும் மிஸ்ஸாகிறது என்றால் அந்தக் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடச் சொல்லுங்கள். மிஸ்ஸிங் காயிலோடு இடம் மாறினால் காயில், மாறாவிட்டால் இன்ஜெக்டர்.

10. எனக்கு நேர் எதிர். பெட்ரோல்ல திக்குது, கேஸ்ல நல்லா போகுது.

பழைய பெட்ரோல், பிசின் கட்டிய இன்ஜெக்டர், பம்ப் அழுத்தம் குறைவு. இந்த வரிசையில் பாருங்கள். டேங்க்கில் கிடப்பதை வடித்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றி ஒரு நாள் ஓட்டுவதுதான் மிகக் குறைந்த செலவுள்ள சோதனை. அதற்கும் சரியாகவில்லை என்றால் 14-ம் கேள்விக்கு வாருங்கள்.

11. வண்டிக்குள்ள கேஸ் வாசனை வருது. தீக்குச்சி வச்சுப் பார்க்கலாம்னு ஒருத்தர் சொல்றார்.

அவர் பேச்சைக் கேட்காதீர்கள். சாவியை அணையுங்கள், கதவுகளைத் திறந்து விடுங்கள், எல்லாரையும் இறக்குங்கள், சிலிண்டர் வால்வை மூடுங்கள். சிகரெட் வேண்டாம், எந்த ஸ்விட்ச்சையும் தட்ட வேண்டாம். சிஎன்ஜி காற்றைவிட லேசானது. திறந்த வெளியில் மேலே போய்க் கலைந்துவிடும். மூடிய ஷெட்டிலோ தார்ப்பாய் கட்டிய வண்டியிலோ கூரைக்கு அடியில் சேரும். அதனால் வண்டியை ஷெட்டுக்குள் தள்ளாதீர்கள், வெளியிலேயே நிற்கட்டும்.

கசிவு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க மெக்கானிக் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். குமிழ் வரும் இடம்தான் கசிவு. கசிவு வால்வில் இல்லாமல் அதற்கு அப்பால் என்றால், சரியாகும்வரை வால்வை மூடியே வைத்துப் பெட்ரோலில் ஓட்டலாம். இதற்காகவும்தான் 3-ம் கேள்வியில் டேங்க்கைக் காலியாக விடாதீர்கள் என்றேன்.

12. கூலன்ட் டப்பாவுல குமிழ் வருது. ஹெட் கேஸ்கெட் போச்சு, என்ஜினைப் பிரிக்கணும்னு சொல்றாங்க.

பிரிப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். ரெடியூசருக்குள் கேஸ் அறையும் கூலன்ட் அறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. நடுவில் உள்ள சீல் போனால் கேஸ் கூலன்ட்டுக்குள் புகுந்து, ஹெட் கேஸ்கெட் போனது போலவே குமிழ் விடும்.

சிலிண்டர் வால்வை மூடி, குழாயில் மிச்சமிருக்கும் கேஸ் தீரும்வரை ஓட்டி, பிறகு பெட்ரோலிலேயே விட்டுப் பாருங்கள். குமிழ் நின்றுவிட்டால் ரெடியூசர். பெட்ரோலிலும் தொடர்ந்தால் மட்டும் ஹெட் கேஸ்கெட் (என்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள சீல்) பக்கம் போகலாம். என்ஜின் சூடாக இருக்கும்போது கூலன்ட் டப்பாவின் மூடியைத் திறக்காதீர்கள். ஒரே வண்டியில் இரண்டு எரிபொருள் இருப்பதால் கிடைக்கும் வசதி இது. என்ஜினைப் பிரிக்காமலே பாதி உண்மை தெரிந்துவிடுகிறது.

13. சிலிண்டர் டெஸ்ட் எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை?

3 ஆண்டுகளுக்கு ஒரு முறை, அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிப் பார்க்கும் சோதனை). தேதி கடந்தால் பங்க்கில் கேஸ் போட மாட்டார்கள். அவர்கள் செய்வது சரிதான். டெஸ்ட் முடிந்து வண்டி வந்ததும் 4-ம் கேள்வியில் சொன்ன வால்வை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

14. வெளிய கிட் போட்ட வண்டி. செக் என்ஜின் லைட் எரியுது, ஸ்கேன்ல பி0171னு காட்டுது. அழிச்சுவிட்டா ரெண்டு நாள்ல திரும்ப வருது. இப்போ பெட்ரோல்லயும் சரியா ஓடல.

பி0171 என்றால் கலவையில் எரிபொருள் குறைவு. இந்த வகைக் கிட்கள் தனியாக யோசிப்பதில்லை. என்ஜின் ஈசியூ பெட்ரோல் இன்ஜெக்டருக்கு எத்தனை மில்லி செகண்ட் தருகிறதோ அதை வாங்கி, ஒரு மடங்கால் பெருக்கி, கேஸ் இன்ஜெக்டருக்குத் தருகின்றன. அந்த மடங்கு, அதாவது மேப், தவறாக இருந்தால் கேஸ் குறைவாகப் போகும். ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து, "இன்னும் கொடு" என்று ஈசியூவிடம் சொல்லும். ஈசியூ அந்தத் திருத்தத்தைக் கற்று நினைவில் வைத்துக்கொள்ளும்.

பிறகு நீங்கள் பெட்ரோலுக்கு மாறும்போது, கேஸுக்காகக் கற்ற அதே திருத்தம் பெட்ரோலுக்கும் பொருந்தி, தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. பெட்ரோல் பக்கம் ஒரு குறையும் இல்லாமலே பெட்ரோலில் திக்குவது இதனால்தான். இன்ஜெக்டரைக் கழுவினாலும் தீராது, ஸ்கேனில் காட்டும் குறியீட்டை அழித்தாலும் தீராது.

செய்ய வேண்டியது வேறு. குறியீட்டை அழித்துவிட்டு இரண்டு மூன்று நாள் பெட்ரோலில் மட்டும் ஓட்டுங்கள். ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃபியூல் டிரிம் (ஈசியூ கற்று வைத்த அந்தத் திருத்தம்) பூஜ்யத்தை ஒட்டி அடங்கினால் என்ஜின் சரி. அதன்பின் லேப்டாப்போடு வரும் கிட் டெக்னீஷியனை வைத்து, லோடோடு ஓட்டியபடியே கேஸ் மேப்பைச் சரிசெய்யச் சொல்லுங்கள். நிற்கும் வண்டியில் செய்த மேப் மேட்டில் பொய்யாகிவிடும். மேப் போடும் முன் கேஸ் ஃபில்டர் புதிதாக இருக்கட்டும். பெட்ரோலிலேயே டிரிம் அடங்கவில்லை என்றால் மேனிஃபோல்டில் (என்ஜினுக்குக் காற்று போகும் குழாய்த் தொகுதி) காற்றுக் கசிவையோ பெட்ரோல் அழுத்தத்தையோ தேட வேண்டும். அதைச் சரிசெய்யாமல் மேப்பில் கை வைக்கக் கூடாது.

15. இந்தத் தொல்லையே வேண்டாம். கிட்டைக் கழட்டிட்டுப் பெட்ரோல்லயே ஓட்டிக்கிறேன்.

டேங்க் 5 லிட்டர் உள்ள வண்டியில் அது நடக்காது. லோடு அடிக்க அந்த அளவு போதாது. முழு டேங்க் இருந்து, வெளியில் கிட் போட்ட வண்டியென்றால் கழற்றலாம். ஆனால் ஆர்சி புத்தகத்தில் எரிபொருள் பெட்ரோல்–சிஎன்ஜி என்று இருப்பதை ஆர்டிஓ அலுவலகத்தில் மாற்ற வேண்டும், இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். சிலிண்டரை மட்டும் கழற்றிவிட்டு ஒயரிங்கை அப்படியே தொங்க விடாதீர்கள். வெட்டி ஒட்டிய பெட்ரோல் இன்ஜெக்டர் ஒயர்களைப் பழையபடி சேர்க்காவிட்டால் பெட்ரோலிலும் ஓடாது. பெரும்பாலும் அந்த நிலைக்கு வந்தவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: கேஸ் ஃபில்டரை எப்போது மாற்றினீர்கள்?